கண்டக்டர் சீட் வைத்த போர் விமானம்

கரூருக்கு மேற்கே வாய்க்கால்மேட்டில் அங்கமுத்து கட்டிய விமானத்தின் நிழல் தினமும் காலை பதினொன்று பத்துக்குப் புறப்பட்டு மேற்கே போய்விடும் என்பது அந்தப் பக்கத்தில் பால்காரனுக்குக்கூடத் தெரிந்த சங்கதி, வெளியூர் ஆள் யாராவது வந்து, அதெப்படிங்க விமானம் இங்கேயே நிற்கும்போது நிழல் மட்டும் போகும் என்று கேட்டால், வாய்க்கால்மேட்டுக்காரர்கள் அந்த ஆளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வண்டி நிக்குது, நெழலு போகுது, இதுல உங்களுக்கு என்னங்க வெளங்கல?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஆனால் அந்த நிழல் யாரைத் தேடிப் போகிறது என்பது முதலில் அங்கமுத்துவுக்கும் அவர் சம்சாரம் மயிலாத்தாளுக்கும் மட்டும்தான் தெரியும். அதையும் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை.

அங்கமுத்து முப்பத்தெட்டு வருஷம் பஸ்ஸுக்கு பாடி கட்டியவர். வெறும் என்ஜினும் சட்டமும் நாலு சக்கரமுமாக அம்மணமாய் வந்து நிற்கிற வண்டிக்குக் கூடு கட்டி, தகடு போர்த்தி, ரிவிட் ஆணி இறக்கி, ஜன்னல் வைத்து, சீட் போட்டு, பொட்டு வைத்து அனுப்புகிற வேலை. தான் கட்டிய பஸ்ஸில் ஏறி அவர் எந்த ஊருக்கும் போனதில்லை. பழனியைத் தாண்டி அவருக்கு உலகம் கிடையாது. ரிவிட் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டது, மீதிப் பாதியும் தனக்கு வேண்டியதை மட்டும்தான் கேட்கும் என்பாள் மயிலாத்தாள்.

அவர்களுக்கு ஒரே மகள், சுகந்தி. மூன்றாம் வகுப்புப் படிக்கும்போது ஏதோ காலண்டரில் வந்த படத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு பட்டறைக்கே வந்துவிட்டாள். உலகப் போர்க் காலத்து விமானம், முனை குவிந்த இறக்கை, கீழே ஸ்பிட்ஃபயர் என்று பெயர் போட்டிருந்தது. "ஏனுங்ப்பா, ஊரு சனத்துக்கெல்லாம் பஸ்ஸு கட்டித் தர்றீங்களே, எனக்கு இதொண்ணு கட்டித் தாங்க" என்றாள். "அதுக்கென்ன கண்ணு, அடுத்த தீவாளிக்குக் கட்டீரலாம்" என்றார் அங்கமுத்து, எந்தத் தகப்பன்தான் சொல்லமாட்டான். தீபாவளிகள் வந்தன, போயின, அந்த அடுத்த தீபாவளி மட்டும் வரவேயில்லை. படத்தை அவள் அலமாரிக் கதவின் உள்பக்கம் சோற்றுப் பருக்கையால் ஒட்டிவைத்தாள், அது அங்கேயே இருந்தது.

சுகந்தி நர்ஸுக்குப் படித்தாள், கோயமுத்தூரில் வேலைக்குப் போனாள், அங்கே கூட வேலை பார்த்த நாகர்கோவில் பையனைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். வேற ஊரு, வேற சாமி, வேற சனம். அங்கமுத்து முடியாது என்றார், அவள் கட்டிக்கொண்டாள், கட்டிக்கொண்ட கையோடு ஒரு சாயங்காலம் தனியாக வாசலில் வந்து நின்றாள். மேற்குப் பார்த்த வீடு. அவள் முதுகுக்குப் பின்னால் வெயில். அங்கமுத்து நிலைப்படிக்கு உட்புறமாக நின்றுகொண்டு, தெருவே கேட்க, "இனிமே இந்த வாசல்ல உன்ற நெழலுகூட விழக்கூடாது" என்றார். சுகந்தி அழவில்லை, கத்தவில்லை. குனிந்து பார்த்தாள். அவள் நிழல் நீளமாக வாசற்படிமேல் விழுந்து கிடந்தது. இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். நிழலின் தலை படியைவிட்டு இறங்கியதும், சரியாக இறங்கிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டு, திரும்பிப் போய்விட்டாள். போனவள் புருஷனோடு அயர்லாந்து தேசத்தில் கார்க் என்கிற ஊருக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கோபத்தில் அவள் கதவை அறைந்துவிட்டுப் போயிருந்தால் அங்கமுத்து பொறுத்திருப்பார். அந்த இரண்டு அடிதான் அவரைத் தின்றது. ஞாயிற்றுக்கிழமை தோறும் மயிலாத்தாள் சமையல்கட்டில் நின்று மகளோடு போனில் பேசுவாள். அங்கமுத்து கூடத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, நல்ல காதைச் சமையல்கட்டுப் பக்கம் வைத்து உட்கார்ந்திருப்பார். அவளும் "இந்தாங்க, பேசுங்க" என்றதில்லை, அவரும் "இங்க குடு" என்றதில்லை. எட்டு வருஷம் இப்படியே ஓடியது. மனுஷன் ஒரு சொல்லை வெளியே விட்டுவிட்டு, அதை எப்படித் திரும்ப உள்ளே எடுப்பது என்று தெரியாமல் எட்டு வருஷம் தவித்தார்.

அதில் ஐந்தாவது வருஷம், முட்டி தேய்ந்து பட்டறையைவிட்டு நின்றபிறகு, ஒருநாள் அலமாரியைத் திறந்து அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர், மறுநாள் வீட்டை ஒட்டிய காலியிடத்தில் அளவு பிடிக்க ஆரம்பித்தார். அசல் விமானத்துக்கு இறக்கை முனைக்கு முனை முப்பத்தேழு அடி என்றார்கள்; காலியிடம் முப்பது அடிதான். அதனால் ஒரு அடிக்கு ஒன்பது அங்குலம் என்று கணக்குப் போட்டு, முக்கால் அளவில் கட்டினார். பஸ்ஸுக்கு அடிக்கிற அலுமினியத் தகடு, பஸ் ஜன்னலுக்குப் போடுகிற ரப்பர், பஸ் வளையத்தை வளைக்கிற அதே கை. என்ஜின் கிடையாது. அவருக்கு என்ஜின் தெரியாது, பாடிதான் தெரியும்.

இரண்டு வருஷம் ஆனது. காலேஜ் வாத்தியார் ஒருவர் கேள்விப்பட்டு வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, வாயைப் பிளந்து, கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது ஒத்த ஆளு போற போர் விமானமாச்சே, பின்னாடி எதுக்கு இன்னொரு சீட்டு?" என்றார்.

"அது கண்டக்டர் சீட்டுங்க" என்றார் அங்கமுத்து.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. முப்பத்தெட்டு வருஷப் பழக்கம், கை தன்பாட்டுக்கு டிரைவருக்குப் பின்னால் கண்டக்டருக்கு ஒரு சீட் போட்டுவிட்டது. ஒரு வாரம் வாய்க்கால்மேடே விழுந்து விழுந்து சிரித்தது. "அங்கமுத்தண்ணா, படிக்கட்டுல தொங்கறதுக்குக் கம்பி வெக்கலீங்களா?" என்று டீக்கடையில் கேட்டார்கள். அடித்த ரிவிட்டைப் பிடுங்கினால் தகடு கிழியும் என்று அவர் அந்த சீட்டை அப்படியே விட்டுவிட்டார்.

பஸ்ஸுக்கெல்லாம் பெயர் எழுதும் ஜமால், அங்கமுத்துவின் வயசுக்காரர், பட்டறைக் காலத்துச் சிநேகிதர். அவர் பச்சை பெயின்ட் அடிக்க வந்தார். அடித்து முடித்துவிட்டு, யாரும் சொல்லாமல், மூக்குக்குக் கீழே அழகான வளைவெழுத்தில் 'சுகந்தி' என்று எழுதிவிட்டார். அங்கமுத்துவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரைக் கேட்டு எழுதினே?"

"வண்டின்னா பேரு வேணும்ல. உனக்கு வேற பேரு தெரிஞ்சா சொல்லு, அழிச்சுட்டு எழுதறேன்."

பெயர் நின்றது.

புதன்கிழமை நல்ல நேரம் பார்த்து, பூசணிக்காய் சுற்றி உடைத்து, கற்பூரம் காட்டி, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, புது பஸ்ஸை எப்படி நகர்த்துவார்களோ அப்படி நாலு பேர் பின்னால் நின்று தள்ளினார்கள். பழம் நசுங்கியது, விமானம் ஒரு முழம் நகர்ந்து நின்றது, நிழல் நிற்கவில்லை. தள்ளிய வேகத்தில் அது தன்பாட்டுக்கு முன்னால் வழுக்கிக்கொண்டு போய், வேலியைத் தாண்டி, பக்கத்து வீட்டுச் செம்பாயி காயப்போட்டிருந்த மிளகாய்மேல் ஏறி இறங்கி, வாய்க்கால் தண்ணீர்மேல் நனையாமல் கடந்து, சோளக்காட்டுக்கு மேலே ஒரு வட்டம் அடித்துவிட்டு, அரைமணி நேரத்தில் திரும்பி வந்து விமானத்துக்கு அடியில் படுத்துக்கொண்டது. அப்போது மணி பதினொன்று நாற்பது. "வண்டி நல்லா இழுக்குது" என்றார் ஜமால், அவ்வளவுதான் சொன்னார். எல்லோரும் பொங்கல் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மறுநாளும் பதினொன்று பத்துக்குப் போனது. அடுத்த நாளும் போனது. முதலில் செம்பாயிதான் சண்டைக்கு வந்தாள், நிழல் ஏறின மிளகாய் காரம் போய்விட்டது என்று. அப்புறம் அந்த மிளகாயைத் தின்ற அவள் வீட்டுக்காரர் பதினைந்து வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன தன் தங்கச்சியை நினைத்து மாலை மாலையாகக் கண்ணீர் விட்டதைப் பார்த்துவிட்டு, அது காரத்தில் வந்த தண்ணீர் இல்லை என்று அவளுக்கே தெரிந்ததால், மிளகாயை வேறு பக்கம் காயப்போட்டுக்கொண்டாள். நிழல் நாளுக்கு நாள் தூரம் போனது. ஒருநாள் அரவக்குறிச்சியில் பார்த்ததாகச் சொன்னார்கள், ஒருநாள் பாலக்காட்டில் பார்த்ததாகச் சொன்னார்கள், ஒருநாள் திரும்பி வந்தபோது காலியிடம் முழுக்கக் கடல் உப்பு வாசம் அடித்தது. பிறகு ஒருநாள் மேற்கே போனது சாயங்காலம்வரை வரவில்லை, மறுநாள் பதினொன்று பத்துக்குக் கால்மணி முன்னால் கிழக்கே முசிறிப் பக்கமிருந்து வந்து சேர்ந்து, அவ்வளவு நேரம் மட்டும் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி மேற்கே புறப்பட்டது. அது சூரியன் கூடவே ஓடுகிறது, அதனால் அதற்கு எந்த ஊருக்குப் போனாலும் அங்கே மணி பதினொன்று பத்துதான், அதற்கு ராத்திரியே கிடையாது என்று காலேஜ் வாத்தியார் விளக்கினார்.

அதற்குப் பிறகு காலியிடத்தில் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஷார்ஜாவில் மகன் இருக்கிறவள் ஒருத்தி, இறக்கையின் நிழலுக்குள் நின்று மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் அந்த மகன் போன் பண்ணி, "நேத்து மத்தியானத்துக்கு முன்னாடி ஏதோ நெழலாட்டம் தாண்டுச்சும்மா, திடீர்னு உன் நெனப்பு வந்திருச்சு" என்றான். போதாதா. துபாய், சூரத், திருப்பூர், சிறைச்சாலை, மேலோகம் என்று ஆள் போன ஊரெல்லாம் அங்கே வந்து வரிசையில் நின்றது. வரிசையை ஒழுங்கு பண்ண, வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில் இருக்கப் பிடிக்காத கண்டக்டர் ரங்கதுரை தானாக வந்து சேர்ந்தார். இருபத்தொன்பது வருஷம் ஊதிய விசில் இன்னும் அவர் கழுத்தில் தொங்கியது. பொம்பளைகள் இடது இறக்கை, ஆம்பளைகள் வலது இறக்கை, ஆளுக்கு நாலு வார்த்தை, பதினொன்று பத்துக்கு ரெண்டு விசில் அடிப்பேன், அதற்குள் எல்லோரும் நிழலைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஒருநாள் ஒரு வெள்ளாடு வெளியே வராமல் நின்றுகொண்டதில், அதன் நிழலும் ஏறிப் போய்விட்டது. மறுநாள் அது திரும்பி வரும்வரை ஆடு ஒரு தழையைத் தொடவில்லை. "பாத்தீங்களா, இதுக்குத்தான் சொல்றது" என்றார் ரங்கதுரை.

அங்கமுத்து தினமும் வரிசையில் கடைசி ஆளாக நிற்பார். தன் சொந்த விமானத்துக்கே வரிசையில் நின்றார். முறை வரும்போது, கண்ணு, அப்பன் புத்தியில்லாமல் சொல்லிவிட்டேன், வா சாமி என்று சொல்லத்தான் வாயைத் திறப்பார். அது வராது. "சாப்டியா கண்ணு" என்று மட்டும் நிழலிடம் சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுவார். ஒரு நாள் இல்லை, ரெண்டு நாள் இல்லை, மூன்று மாசம் இதே கதைதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மயிலாத்தாள் போன் பேசி முடித்துவிட்டு, சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு வந்து, சுவரைப் பார்த்துச் சொல்கிற பாவனையில் சொன்னாள். "அங்க அவ வீட்டுப் பின்னாடி துணி காயப்போட்டுட்டு இருந்தாளாம். முனை குவிஞ்ச எறக்கையோட நெழலு ஒண்ணு புல்லு மேல போச்சாம். பஸ்ஸ விட்டவளாட்டம் செருப்புகூடப் போடாம பின்னாலயே ஓடுனாளாம். அது நிக்கவே இல்லையாம்."

அங்கமுத்து பேப்பரைக் கீழே வைத்துவிட்டார். அவள் ஓடியிருக்கிறாள். வெறுங்காலோடு ஓடியிருக்கிறாள், நிழல் நிற்கவில்லை.

அடுத்த நாள் ரங்கதுரையிடமும் ஜமாலிடமும் இதைச் சொன்னார். ரங்கதுரை கேட்டுவிட்டுத் தலையிலேயே அடித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, முப்பத்தெட்டு வருசம் பஸ்ஸு கட்டுனவன் நீ, இது தெரிய வேண்டாமா? நாம்பாட்டுக்கு இங்க ரெண்டு விசில் அடிச்சு அனுப்பிச்சு வுட்டர்றேன். வண்டி போகுது. போற எடத்துல ஒத்த விசில் அடிச்சாத்தானே நிக்கும்? உள்ள ஆரு இருக்கறா அடிக்க? கண்டக்டர் இல்லாத வண்டி எங்கய்யா நிக்கும்?"

மூன்று பேரும் ஒரே சமயத்தில் விமானத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால், ஊரே சிரித்த அந்த சீட் காலியாக இருந்தது.

"அந்த வெள்ளாட்டு நெழலு ஏறிப் போச்சுல்ல" என்றார் அங்கமுத்து மெதுவாக.

ஜமாலுக்குப் புரிந்துவிட்டது. "அட கிறுக்கா, ஆடு எறங்கல, அதனால திரும்பி வந்துச்சு. நீ எறங்கோணும். எறங்கிட்டா?"

"எறங்கிட்டா அவ்வளவுதான்" என்றார் ரங்கதுரை. "திரும்ப ஏறோணும்னா உள்ள இருந்து விசிலடிக்க இன்னொரு ஆளு வேணும். கண்டக்டரே எறங்கிட்டா, மறுநாளு வண்டி அவன் தலைக்கு மேலயே போகும், நிக்காது. உன்ற நெழலு அங்கயே கெடக்க வேண்டியதுதான். நெழலு இல்லாத மனுசன் எத்தன நாளு தாங்குவான்னு எனக்குத் தெரியாது சாமி. ஆடு ஒரே நாள்ல வாடிப் போச்சு."

"நான் போறேன்" என்றார் அங்கமுத்து.

அதில் இன்னொரு சிக்கல் இருந்தது. கார்க்கில் வெயில் வேண்டும். வெயில் இல்லாத ஊரில் நிழல் எப்படி இறங்கும்? மயிலாத்தாள் ஒன்றும் தெரியாதவள் போல மகளிடம் விசாரித்தாள். இங்க ஒரே மழைம்மா என்றாள் மகள். அன்றைக்குத் தொடங்கி வாய்க்கால்மேடு முழுக்க, தங்கள் ஊரில் மழை வருமா என்று பார்ப்பதை விட்டுவிட்டு, போனில் அயர்லாந்தின் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தது. "இன்னிக்கும் மேகமாமா?" "மேகந்தானாமா." டீக்கடையில் இதே பேச்சு. செம்பாயி மாரியம்மன் கோயிலில் போய்க் கார்க்கில் வெயிலடிக்க வேண்டும் என்று விளக்குப் போட்டாள். மழைக்கு வேண்டிக்கொள்கிறவர்களையே பார்த்துப் பழகின பூசாரி, எந்த ஊரும்மா என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். பதினோரு நாள் மழை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் ஜமால் போனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். படத்தில் மஞ்சளாக ஒரு சூரியன் இருந்தது.

மயிலாத்தாள் அவருக்குச் சலவை வேட்டி எடுத்துக்கொடுத்தாள். எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை. "அவ வீட்டு வாசல்ல செருப்பக் கழட்டிட்டு ஏறுங்க, ஈரமா இருக்கும்" என்றாள். அவ்வளவு நாளும் அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்பது அங்கமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது.

அவர் விமானத்தில் ஏறிக் கண்டக்டர் சீட்டில் உட்கார்ந்தார். முட்டி இடித்தது, இன்னும் நாலு அங்குலம் விட்டிருக்கலாம் என்று நினைத்துக்கொண்டார். ரங்கதுரை தன் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, ஒருமுறை துடைத்து, அவர் கழுத்தில் மாட்டிவிட்டார். கீழே தரையில், விமானத்தின் நிழலுக்குள் அவர் நிழலும், அதன் நெஞ்சில் பொட்டாக விசிலின் நிழலும் தெரிந்தது. "ஒத்த விசில் நிறுத்த. ரெண்டு விசில் போலாம். மாத்தி அடிச்சுத் தொலச்சுராத" என்றார் ரங்கதுரை. அன்றைக்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை, எல்லோரும் வேலி ஓரம் நின்றார்கள்.

பதினொன்று பத்துக்கு அங்கமுத்து ரெண்டு விசில் அடித்தார். அவருக்குக் கீழே நிழல் நழுவிப் போனது.

கீழே இறங்கியபோது உடம்பு லேசாகி, கால் தரையில் பாவாத உணர்வு இருந்தது. வெயிலில் நின்று பார்த்தார். வேட்டியின் நிழல்கூட இல்லை. விசிலைக் கழற்றி நீட்டியபோது ரங்கதுரை கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "அதோட நெழலும் போயிருச்சு பாரு. வரட்டும், அப்பறம் வாங்கிக்கறேன்."

மறுநாள் விமானத்தின் நிழல் கிழக்கேயிருந்து வந்தது. கண்டக்டர் சீட் காலி. கூட்டத்தில் மயிலாத்தாள் மட்டும் "எறங்கிட்டாரு" என்றாள்.

அந்த நாட்களில் அங்கமுத்துவுக்குச் சோறு இறங்கவில்லை. தெரு நாய்கள் அவரைப் பார்த்துக் குரைக்கவுமில்லை, வாலாட்டவுமில்லை. குடை பிடித்துப் பார்த்தார். குடையின் நிழல் மட்டும் தனியாக நடந்தது, அதைப் பார்க்க அவருக்கே பயமாக இருந்தது. வாய்க்கால்மேட்டுக்காரர்கள் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர் கடைத்தெருவுக்குக் கிளம்பினால், யாராவது ஒருவர் "நானும் அந்தப் பக்கந்தான்" என்று பொய் சொல்லிக்கொண்டு ஒட்டி நடந்து, தன் நிழலில் பாதியை அவருக்கு விட்டுக்கொடுப்பார்கள். சாயங்காலங்களில் மயிலாத்தாள் கூட நடந்தாள். நாற்பது வருஷத்தில் அவர்கள் தெருவில் ஒட்டி நடந்தது அப்போதுதான். "நெழலு நல்லா அகலமாத்தான் இருக்குது உனக்கு" என்றார் அங்கமுத்து. "தின்ன சோறு எங்க போவும்" என்றாள் அவள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மயிலாத்தாள் சமையல்கட்டில் "சொல்லு சாமி" என்றாள். பிறகு கூடத்துக்கு வந்தாள், எட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் போனை அவர் முன்னால் நீட்டினாள். "உங்ககிட்டத்தான் பேசோணுமாம்."

அங்கமுத்து அதை வாங்கி நல்ல காதில் வைத்தார்.

"சாப்டியா கண்ணு" என்றார்.

"எட்டு வருசமாச் சாப்பிட்டுட்டுத்தான்ப்பா இருக்கறேன்" என்றாள் சுகந்தி. சொல்லிவிட்டு அழுதாள், அழுதுகொண்டே பேசினாள். "அன்னிக்கு மறுபடியும் அந்த நெழலு வந்துச்சுங்ப்பா. ஒத்த விசில் கேட்டுச்சு. எங்க வீட்டுக்கு மேலயே நின்னுச்சு. பாத்தா, நீங்க எறங்குறீங்க. முட்டியப் புடிச்சுட்டு, ஒரு பக்கமாச் சாஞ்சு, அதே எறக்கம். ஆளில்ல, வெறும் நெழலு. நான் கதவத் தெறந்து வெச்சேன். வாங்க வாங்கன்னு கூப்பிட்டேன். உள்ளயே வர மாட்டேங்குதுங்ப்பா. வாசற்படி வரைக்கும் வருது, ரெண்டடி பின்னால போயி நின்னுக்குது. வெயில் போனா மங்கிப் போகுது, வெயில் வந்தா அதே எடத்துல நிக்குது. மழையில நனைஞ்சுட்டு நிக்குதுங்ப்பா, எனக்குப் பாக்க முடியல."

அங்கமுத்துவுக்குத் தெரிந்தது. தான் எந்தச் சொல்லை எந்த வாசலில் போட்டாரோ, அதே சொல்லுக்கு அவர் நிழல் கடலுக்கு அப்பால் கட்டுப்பட்டு நிற்கிறது.

"அது உள்ள வராது கண்ணு" என்றார். "நான் அன்னிக்குப் புத்தி கெட்டுப் போயி ஒண்ணு சொல்லிப்புட்டேன். நீ மொதல்ல இங்க வந்தாத்தான் அது எங்கயும் வரும். வா சாமி. அதையும் கூட்டிட்டு வா."

அவர் போனைத் திருப்பிக் கொடுத்தபோது மயிலாத்தாள் முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். "இதச் சொல்றதுக்கு ஏரோப்ளேன் கட்ட வேண்டியிருக்குது" என்றாள்.

பங்குனி கடைசியில், ஒரு சாயங்காலம் நாலரை மணிக்குச் சுகந்தி வந்தாள். லீவு கிடைத்தது அவளுக்கு மட்டும்தான். புருஷனுக்கு அடுத்த மாசம். வழியில் இரண்டு விமான நிலையம் மாறினாளாம், ஒருத்திக்கு எதற்கு இரண்டு நிழல் என்று எங்கேயும் யாரும் கேட்கவில்லையாம். மனுஷர்கள் மூஞ்சியைத்தான் பார்க்கிறார்கள், தரையை யார் பார்க்கிறார்கள். தெரு முழுக்க ஆளாளுக்கு வேலை இருப்பதாகப் பேர்பண்ணிக்கொண்டு வெளியே நின்றது. செம்பாயி காலியான முறத்தைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ரங்கதுரை வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஜமால் பக்கத்தில்.

அங்கமுத்து நிலைப்படிக்கு உட்புறமாக நின்றார். அன்றைக்கு நின்ற அதே இடம். வேறு எங்கே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆட்டோவைவிட்டு இறங்கி நடந்து வந்தவள், அவள் முதுகுக்குப் பின்னால் அதே வெயில் இருக்க, வாசற்படிக்கு ஒரு விரற்கடைக்கு இப்பால் தன் நிழலின் தலையை நிறுத்திக்கொண்டு நின்றாள். பக்கத்திலேயே இன்னொரு நிழல், கொஞ்சம் கூனல், நெஞ்சில் பொட்டாக ஒரு விசில், அதுவும் நின்றது. தலையில் ரெண்டு நரை விழுந்திருக்கிறது பிள்ளைக்கு என்று அங்கமுத்து பார்த்தார்.

"அப்பா" என்றாள் சுகந்தி. "என்ற நெழலு விழலாமுங்களா?"

அங்கமுத்து வாயைத் திறந்தார். வா என்கிற ஒரு எழுத்து வரவில்லை, எத்தனை நாள் ஒத்திகை பார்த்த ஒரு எழுத்து. மகள் கண்ணில் ஒரு சந்தேகம் வந்து போனது. அவள் வலது கால் பின்னால் நகர எத்தனித்ததை அவர் பார்த்துவிட்டார். வேலிப் பக்கமிருந்து ரங்கதுரை, "அட அடிய்யா!" என்று கத்தினார்.

அங்கமுத்துவின் கை கழுத்துக்குப் போனது. விசிலை வாயில் வைத்தார். கண்ணீர் உதட்டுக்கு வந்து விசில் முழுக்க உப்பாக இருந்தது. அடித்தார், ரெண்டு விசில், பலமாக, தெருவே கேட்க.

சுகந்தி சிரித்துவிட்டாள், பிறகு அழுதாள், பிறகு காலை எடுத்து முன்னால் வைத்தாள். கூட வந்த நிழல்தான் முந்திக்கொண்டு படியேறி, அவர் பாதத்தைத் தொட்டு, பின்னால் வீட்டுக்குள் நீண்டு படுத்தது. அயர்லாந்து மழையில் நனைந்து ஜில்லென்று இருந்தது. அதற்குப் பின்னால் மகளின் நிழல் வாசற்படிமேல் ஏறியது, நிலைப்படியைத் தாண்டியது, அவர் கால்மேல் முழுசாக விழுந்தது. அங்கமுத்து காலை நகர்த்தவில்லை.